பாக்கியசீலி டீச்சருக்கு அனுமதி

மூன்று சதவீதத்தில் நிற்கிறது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன், விட்டால் அவை தானாகவே போய் விசைப்பலகையில் ஏறிக்கொள்ளும், பதினோரு வருஷப் பழக்கம், சொன்ன பேச்சுக் கேட்கிற கைகள் இல்லை. தொடக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவர் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார், பாக்கியசீலி டீச்சர், கைப்பையை மடியில் வைத்து, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, பஸ் வருகிற திசையைப் பார்க்கிறவர் மாதிரி. பார்க்கிறவர் என்று சொல்லிவிட்டேன், டீச்சருக்குக் கண் தெரியாது, ஒன்பது வயதில் வந்த காய்ச்சலோடு போயிற்று, ஆனால் அந்த வார்த்தையை எங்கள் எல்லோரையும்விட அவர்தான் தாராளமாகப் புழங்குவார், நேத்து ஒரு படம் பார்த்தேன் சார், சுத்தக் குப்பை, என்பார். சாத்தூரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி எங்களுடையது, அவர் சமூக அறிவியல், நான் கம்ப்யூட்டர் அறை. பெயர் தங்கப்பழம். பெயரைக் கேட்டதும் சிரிக்காதவர்கள் இந்த ஜில்லாவில் மூன்று பேர் இருந்தால் அதிகம், டீச்சர் அதில் ஒருவர், அதனாலேயே எனக்கு முதல் நாளே அவரைப் பிடித்துப்போயிற்று. மணி ஒன்பது ஐந்து. பள்ளி மணி ஒன்பதே முக்காலுக்கு. இன்றைக்குப் பார்த்து இந்தக் கிழட்டுக் கணினி, அணைத்துப் போட்டதும், என் வட்டு முழுவதையும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துகொண்டது. கோடை லீவில் நாற்பது நாள் சும்மா கிடந்ததே, அப்போது தோன்றவில்லை அதற்கு. நாலு சதவீதம் டீச்சர், என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

நேற்றுச் சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் சொன்னார். “நாளைக்கு ஒரு கடிதம் அடிக்கணும் சார். பத்து மணித் தபால்ல அது போகணும். நானே அடிப்பேன். நீங்க பக்கத்துல இருங்க, ஆனா தொடக் கூடாது. என் கையால வந்தா போகும், வரலன்னா அந்தக் கடிதமே கிடையாது.” சரி டீச்சர் என்று நான் சொன்ன வேகத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. அவர் அடிக்க வேண்டியது அந்த மூலையில் இருக்கிற இடிப்பெட்டியில். பிள்ளைகள் வைத்த பெயர். பிரெய்லி அச்சு இயந்திரம், தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும், குத்துகிற குத்தில் பக்கத்து வகுப்புச் சுவர் அதிருகிறது என்று ஒரு பலகைப் பெட்டி செய்து உள்ளே பஞ்சு வைத்து மூடியிருக்கிறோம். மற்றபடி சாது. டீச்சர் முன்பெல்லாம் பிரெய்லி ஸ்லேட் என்கிற சட்டத்தில் தாளை வைத்து ஊசியால் குத்திக் கையாலேயே எழுதுவார், பள்ளிப் படியில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து சேர்ந்ததிலிருந்து அரைப் பக்கத்துக்கு மேல் கை தாங்குவதில்லை, ஆகையால் அவருக்கு எழுத்து என்றால் இடிப்பெட்டிதான், இடிப்பெட்டி என்றால், இங்கேதான் வருகிறது வினை, நான்தான்.

எப்படியென்றால், எங்கள் கணினியில் ஓடுவது லினக்ஸ், அதற்கு எல்லாமே கோப்பு. இடிப்பெட்டியும் அதற்கு ஒரு கோப்புதான், அந்தக் கோப்பில் எழுதினால் இது குத்தும். யார் எழுதலாம் என்பதற்கு மூன்று எண், முதலாவது சொந்தக்காரருக்கு, இரண்டாவது ஒரு குழுவுக்கு, மூன்றாவது ஊரிலிருக்கிற மற்ற எல்லோருக்கும். ஆறு என்றால் உள்ளே வரலாம், பூஜ்ஜியம் என்றால் வாசலோடு போ. இடிப்பெட்டிக்குப் பிறப்பிலேயே ஆறு, ஆறு, பூஜ்ஜியம். சொந்தக்காரர் ரூட் என்கிற கணக்கு, யாரையும் கேட்டுக்கொள்ளத் தேவையில்லாத கணக்கு, அதன் கடவுச்சொல் என் மண்டையில் மட்டும். பாக்கியசீலி டீச்சர், பதினாறு வருஷ அனுபவம், இரண்டு எம்.ஏ., அந்த மற்ற எல்லோரில் ஒருவர். ஆகவே தினம் எட்டே முக்காலுக்கு நான் வந்து அந்தக் கடைசிப் பூஜ்ஜியத்தை ஆறாக மாற்றுவேன். ஒரு நாள் ஆறு ஆறு ஆறு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினபோது டீச்சர் சிரித்துவிட்டார், அது பைபிள்ல வர்ற மிருகத்தோட இலக்கம் சார், எங்க பாஸ்டர் காதுல விழுந்தா இந்த ரூமுக்கே உபவாச ஜெபம் வச்சிருவார் என்று. ஒரு தடவை மாற்றினால் போதாதா என்று யாரும் கேட்பார்கள். போதாது. கணினியை அணைத்தால் அந்தக் கோப்பு செத்துப்போகிறது, மறுநாள் புதிதாகப் பிறக்கிறது, பிறந்த பிள்ளைக்கு நேற்றுச் சொன்னது தெரியுமா? கரண்ட் போய் வந்தாலும் அதே கதை, சாத்தூரில் கரண்ட் போகாத நாள் உண்டா, அச்சு பாதியில் நிற்கும், கதவு பூட்டிக்கொள்ளும், பழம் சாரக் கூப்பிடுங்க என்று வராந்தாவில் குரல் ஓடும். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவேன். பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் மனைவி பேச்சியம்மாள் குக்கர் மூடி திறக்கவில்லையென்றால்கூட எதிர்வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாள்.

பதினொன்று. பதினொன்று டீச்சர். ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை, டீச்சரை அந்த இரண்டாவது எண்ணுக்குரிய குழுவில் சேர்த்துவிட்டால் முடிந்தது. சேர்த்தேன், இடிப்பெட்டி வந்த புதிதில். சேர்த்த லட்சணம் எப்படியென்றால், இருக்கிற குழுக்களோடு இதையும் சேர் என்று சொல்வதற்கு ஒரு சின்ன அடையாளம் போட வேண்டும், அதைப் போடாவிட்டால் இது ஒன்றில் மட்டும் வை, மற்றதிலிருந்தெல்லாம் தூக்கு என்று அர்த்தம், எங்கள் தொழிலில் இருக்கிற ஒவ்வொருத்தனும் ஆயுளில் ஒரு தடவை இதில் விழுந்தே தீருவான், நான் விழுந்த நேரம்தான் நேரம். டீச்சர் ஒலிக்குழுவில் இருந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற குரல் அதன் வழியாகத்தான் அவருக்கு வரும், கரகரவென்று மூக்கடைத்த ஆண்குரல், சின்னையா என்று பெயர் வைத்திருக்கிறார். நான் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். டீச்சர் வந்து உட்கார்ந்து கணக்குக்குள் நுழைந்தார், சின்னையா பேசவில்லை. விசையைத் தட்டினார், பேசவில்லை. ஹெட்போனைக் கழற்றி மாட்டினார், தலையை ஆட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை. வெளியே பிள்ளைகள் எல்லாம் பிரார்த்தனைக்குப் போயிருந்த நேரம், வராந்தாவில் ஈ காக்கை இல்லை, மின்விசிறியும் ஓடவில்லை. இருபது நிமிஷம் அப்படியே இருந்திருக்கிறார். கண்ணு போனது மாதிரி காதும் போயிருச்சுன்னு நினைச்சேன் சார் என்று பிறகு சொன்னார், சாதாரணமாகத்தான் சொன்னார். நான் காராச்சேவுப் பொட்டலத்தோடு உள்ளே வந்து, ஒன்றும் தெரியாமல் நொறுக்கென்று ஒரு வாய் மென்றிருக்கிறேன், டீச்சர் திரும்பி, சிரித்து, அழுது, சார், நீங்க சேவு தின்கிற சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை நான் என் ஜென்மத்துல கேட்டதில்ல என்றார். அன்றைக்குச் சரிசெய்தேன். அன்றைக்கே குழுவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தினம் காலையில் என் கையாலேயே திறந்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். பயம்தான். பயத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்.

“மூச்சு விடுங்க சார்,” என்கிறார் டீச்சர். “நீங்க மூச்சப் பிடிச்சா அது வேகமாப் போயிருமா?” இருபத்தேழு, என்கிறேன். விடுகிறேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இவருக்குத் தெரியாது, தெரியாமல் இருக்க வேண்டும், இல்லை, தெரிய வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் பேச்சியம்மாளிடம் காலையில் சொல்லிவிட்டு வந்தேன், அவள் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே, சொல்லிருங்க, இல்லன்னா வயித்துலயே கிடந்து ஏப்பமா வரும் என்றாள். விஷயம் போன மாதம் நடந்தது. கரண்ட் போய் வந்தது, அச்சு மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது, பழம் சார் ஓடி வந்தார். அப்படி வருகிறபோதெல்லாம் கதவைத் திறந்துவிட்டு அவரையே மறுபடி அடிக்கச் சொல்லலாம், ஆனால் அவசரத்தில் நான் என் ரூட் கணக்கிலிருந்தே அவர் கோப்பை எடுத்து அனுப்பிவிடுவது வழக்கம், முன்கை எடுத்து உபகாரம் செய்கிறோமாம். மிச்சத்தை மட்டும் அடிக்க எங்கே நின்றது என்று பார்க்க வேண்டுமே, கோப்பைத் திறந்தேன், திரையில் அது சாதாரணத் தமிழ் எழுத்துதான், தாளில் குத்தும்போதுதான் புள்ளியாகும். பெயர் ஏழாம் வகுப்பு இரண்டாம் பாடம். உள்ளே இருந்தது பாடம் இல்லை. அன்புள்ள ஜோதிமணி என்று இருந்தது. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்க்கிற மனிதர், அவருக்கும் பார்வை கிடையாது, ஏதோ ஒரு ஆசிரியர் பயிற்சியில் பழக்கமாம், இதெல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது எனக்கு. போனில் பேசலாம்தான், அண்ணன் வீட்டில் இருக்கிறார் டீச்சர், இரண்டு அறை, எட்டுக் காது. கடிதம் என்றால் சத்தமில்லாமல் விரலாலேயே வாசித்துக்கொள்ளலாம்.

நாற்பத்தொன்று. மூடியிருக்க வேண்டும். நின்ற இடம் தெரிந்ததும் மூடியிருந்தால் இப்போது இந்த நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன். என் பெயர் கண்ணில் பட்டது, அதுதான் பிடித்து இழுத்தது, தன் பெயரைப் பார்த்த பிறகு படிக்காமல் விடுகிற மனுஷன் எந்த ஊரில் இருக்கிறான்? இங்கே தங்கப்பழம் என்று ஒரு சார் இருக்கிறார், நல்ல மனிதர், அவர் நல்லவராக இருப்பதால்தான் என் கடிதம் என் கடிதமாக இருக்கிறது, ஒருவருடைய நல்ல குணத்தை நம்பித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது என்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி எழுதியிருந்தார். எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். அந்த வரியைப் படித்த கையோடு என்ன செய்திருக்க வேண்டும்? நான் என்ன செய்தேன்? அடுத்த வரியைப் படித்தேன். அதற்கடுத்ததையும். கடைசி வரை உருட்டிப் போய், நம் கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நன்றாக யோசித்து அடுத்த கடிதத்தில் பதில் சொல்கிறேன் என்பதையும் படித்துவிட்டுத்தான் மூடினேன், மூடிவிட்டு, பாடம் நல்லா வந்திருக்கு டீச்சர் என்று வேறு சொன்னேன். நாக்கில் சூடு வைத்தாலும் தகும். நல்ல மனிதர் என்று எழுதின மை காயவில்லை, அதற்குள். மை ஏது அதில். எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது, பூட்டுக்கு வெளியே நிற்கிறவர் திருடனா நல்லவனா என்று பார்த்தா பூட்டுச் செய்கிறார்கள்? நல்லவனும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் பெயரைப் பார்த்துவிடுவான்.

ஐம்பத்தெட்டு, அறுபது, கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டது. அந்தப் பதில் கடிதம்தான் இன்றைய கடிதம், அவர் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், தெரிந்திருக்க உரிமையே இல்லாத ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு கை இரண்டையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் சரி என்று எழுதியிருக்கிறாரா, வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரா? பார் புத்தியை, இப்போதும் அங்கேதான் போகிறது. நேற்று அவர் போனதும் உட்கார்ந்து விதி எழுதினேன். கணினிக்கு ஒரு விதி எழுதி வைக்கலாம், இடிப்பெட்டி எப்போது பிறந்தாலும், காலையில் பிறந்தாலும் கரண்ட் போய்ப் பிறந்தாலும், பிறந்த அந்தக் கணத்திலேயே இன்ன குழுவின் கையில் கொடு என்று, இரண்டே வரி, மூன்று வருஷமாக நான் எழுதாமல் இருந்த இரண்டு வரி. புள்ளி என்று ஒரு புதுக் குழு. அதில் டீச்சரைச் சேர்த்தேன், அந்தச் சின்ன அடையாளத்தைப் போட்டேனா என்று ஏழு தடவை பார்த்தேன், பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து எட்டாவது தடவை பார்த்தேன். கடைசி எண் பூஜ்ஜியம். மற்ற எல்லோருக்கும் பூஜ்ஜியம். அந்த மற்ற எல்லோரில் நானும் உண்டு, என் சொந்தக் கணக்கிலிருந்து இனி நான் இடிப்பெட்டியைத் தொட முடியாது, அதை எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்கியது, தட்டிவிட்டேன். ஆனாலும் போட்டேனா? அடையாளத்தைப் போட்டேனா இல்லையா? போடாமல் இருந்தால் இன்னும் இரண்டு நிமிஷத்தில் சின்னையா ஊமையாகிவிடுவான், டீச்சர் தலையை ஆட்டிப் பார்ப்பார், என் கையில் இன்றைக்குச் சேவும் இல்லை. எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு டீச்சர். “என்ன சார் குரல் நடுங்குது,” என்கிறார். ஏ.சி. என்கிறேன். எங்கள் அறையில் ஏ.சி. கிடையாது. சிரிக்கிறார்.

நூறு. திரை கறுத்து, வெளுத்து, கணக்கின் பெயரைக் கேட்டு நிற்கிறது. நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறேன். டீச்சர் கைப்பையைக் கீழே வைத்து, ஹெட்போனை மாட்டாமல், ஒலிபெருக்கியிலேயே வரட்டும் என்று விட்டு, விரலால் விசைமேல் இருக்கிற மேட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு தன் பெயரைத் தட்டுகிறார், கடவுச்சொல்லைத் தட்டுகிறார். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. வேப்பமரத்தில் ஒரு அணில். ஒன்றுமில்லை. வணக்கம் என்கிறான் சின்னையா, மூக்கடைத்த குரலில், உலகத்தில் எந்தப் பாகவதருக்கும் இல்லாத குரல். போட்டிருக்கிறேன், அடையாளத்தைப் போட்டிருக்கிறேன். டீச்சர் கோப்பை இடிப்பெட்டிக்கு அனுப்பும் கட்டளையைத் தட்டி, ஒரு கணம் விரலை அந்தரத்தில் வைத்து, அழுத்துகிறார். சின்னையா வாசிக்கிறான், அப்படி ஒன்று இல்லை. என் வலது கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது, ரூட்டில் நுழைந்தால் அரை நிமிஷம், பார்த்துவிடலாம், அரை நிமிஷம்தான். “உட்காருங்க,” என்கிறார் டீச்சர், நான் எழுந்தது அவருக்கு நாற்காலிச் சத்தத்தில் தெரிந்துவிட்டது. உட்கார்கிறேன். உட்கார்ந்த பிறகுதான் மண்டை வேலை செய்கிறது. அனுமதி இல்லை என்று சொல்லவில்லையே அவன்? அப்படி ஒன்றே இல்லை என்றல்லவா சொன்னான். உனக்குக் கொடுக்க மாட்டேன் என்பது வேறு, கடையிலேயே இல்லை என்பது வேறு. டீச்சரும் அதைத்தான் யோசித்திருக்கிறார், எழுந்து, மேசை விளிம்பைப் பிடித்து நான்கு எட்டு வைத்து, மூலைக்குப் போய், பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்துவிட்டு, சுவரில் கையைத் தடவிச் சுவிட்சைப் போட்டார். நேற்றுச் சாயங்காலம் அதை அணைத்தது நான். மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அதை அணைக்காமல் வீட்டுக்குப் போனதில்லை, காலையில் நானேதான் போடுவேன், இன்றைக்குத் தொடாதே என்றதும் அதையும் தொடாமல் உட்கார்ந்துவிட்டேன், உத்தரவுக்கு அவ்வளவு பணிவு. உள்ளே இடிப்பெட்டி ஒரு தடவை கனைத்துக்கொள்கிறது. இப்போதுதான் பிறந்திருக்கிறது. பிறந்த கணத்திலேயே யாருடையது என்று அதற்குச் சொல்லியிருக்கிறேன், கேட்டதா என்று பார்க்க வேண்டும். டீச்சர் வந்து உட்கார்ந்து, அதே கட்டளையை மறுபடி அழுத்துகிறார். தடதடதடவென்று சுவர் அதிர்கிறது. நான் என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன், நாற்பத்தேழு வயசு ஆள்.

இரண்டு பக்கம். முன்பு எழுதினது ஐந்து பக்கம், இது இரண்டே பக்கம், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற புத்தியைத் தலையில் குட்டுகிறேன். டீச்சர் தாளைக் கிழித்தெடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை ஓட்டிப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்று, தனக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி எதையோ தட்டினார், கோப்பு அழிக்கப்பட்டது என்றான் சின்னையா. மணி ஒன்பது நாற்பது. இனித் தள்ளிப்போட முடியாது. எழுந்து நின்றேன், ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, அவருக்கா தெரியப்போகிறது, ஆனால் உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை. “டீச்சர், போன மாசம் அச்சு நடுவுல நின்னப்போ, உங்க கடிதத்த நான் படிச்சுட்டேன். முழுசா.” வயிற்றில் கிடந்ததெல்லாம் காலியான மாதிரி இருந்தது, கூடவே இந்த மனுஷி இனிமேல் நம்மோடு சிரித்துப் பேச மாட்டார் என்று ஒரு துக்கம், உண்மையான துக்கம், கண்ணில் நீர் வந்துவிட்டது. டீச்சர் தாளை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“தெரியும் சார். மவுஸ் சக்கரம் ஆறு உருட்டு உருண்டா மூணாம் பக்கம். நீங்க பதினாலு உருட்டு உருட்டினீங்க. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்.”

ஏன் டீச்சர் கேட்கல என்றேன். கேட்டிருந்தால் நான் இல்லவே இல்லை என்று சொல்லியிருப்பேனாம், அப்புறம் அந்தப் பொய்யையும் இரண்டு பேரும் சுமக்கணுமாம், அதனால் நீங்களா சொல்றீங்களா, இல்ல கதவச் சரி பண்றீங்களான்னு பார்த்தேன் சார் என்றார். நேற்று வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானாக நடக்காது என்று தெரிந்ததும்தான் வந்து உத்தரவு போட்டிருக்கிறார். கோபம் இருந்ததா என்றேன். ஒரு வாரம் இருந்துச்சு என்றார், உங்க வீட்டம்மா குடுத்துவிட்ட அதிரசத்தக்கூட அண்ணன் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன் என்றார். அப்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை, இன்னொன்றையும் சொல்லிவிட்டேன், எந்தப் பூட்டுப் போட்டாலும் ரூட்டால் திறக்க முடியும், இந்தக் கணினியில் நீங்கள் எழுதுகிற எதையும் நான் நினைத்தால் படிக்க முடியும், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை என்று. “அதான அழிச்சேன்,” என்றார், பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்கிற பொறுமையோடு. பள்ளி மணி அடித்தது. முதல் பீரியட் அவருக்கு எட்டாம் வகுப்பு. கைப்பையிலிருந்து, விலாசம் எழுதி வாங்கி வைத்திருந்த ஒரு பெரிய பழுப்பு உறையை எடுத்து, தாள் இரண்டையும் புள்ளி நசுங்காமல் உள்ளே நழுவவிட்டார், வாயை ஒட்டவில்லை. பிரெய்லித் தபாலுக்கு அதுதான் வழக்கம், ஒட்டாமல் திறந்து போட்டால் தபால்தலை வேண்டாம், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துக்கொள்ளலாம். அந்த உறையை என்னிடம் நீட்டினார். “எனக்கு வகுப்பு இருக்கு. பத்து மணிக்குத் தபால்கார இருளப்பன் வருவார், அவர் கையில குடுத்துருங்க சார்.” வேறு யாரிடமாவது கொடுக்கலாம், வாட்ச்மேன் இருக்கிறார், ஆபீசில் ஆள் இருக்கிறது. என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வாசலில் புங்கமரத்தடியில் நிற்கிறேன், உறையை இரண்டு கையாலும் விளிம்பில் பிடித்து, கோயிலில் தாம்பாளம் பிடிக்கிற மாதிரி. நல்ல வெயில். காற்றடித்தால் உறையின் வாய் தானாகத் திறந்து திறந்து மூடுகிறது, உள்ளே இரண்டு தாளும் தெரிகின்றன, வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளிகள், வெயில் சாய்வாக விழுகிற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி நிழல். இவ்வளவு அழகாக இருக்கும் என்று மூன்று வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை, தாளை எண்ணிக் கொடுப்பதோடு சரி. கடிதம் முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது, சரி என்பதோ வேண்டாம் என்பதோ இந்த மேடுகளில் எங்கோ இருக்கிறது, எனக்கு ஒரு எழுத்து தெரியாது. இதைக் கற்றுக்கொள்ளலாமே என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தோன்றியதுண்டா? இன்றைக்குத் தோன்றுகிறது, டீச்சரிடமே கேட்கலாம், கேட்டால் சேர்த்துக்கொள்வார், ஆனால் இன்றைக்கு வேண்டாம், இந்தக் கடிதம் திருச்சி போய்ச் சேரட்டும். இருளப்பன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வருகிறார், பையை இறக்கி, எங்கள் பள்ளிக்கு வந்த இரண்டு தபாலைக் கொடுத்து, என் கையிலிருந்து உறையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார், திருச்சி என்று வாய்விட்டுப் படிக்கிறார், வாய் ஒட்டாத உறைக்குள் எட்டிப் பார்க்கிறார்.

“டீச்சர் கடுதாசியா? என்ன சார் எழுதியிருக்கு?”

“எனக்குத் தெரியாது இருளப்பன்,” என்கிறேன், வாயெல்லாம் பல்லாக.